நகராத பாதரசம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மகள் அறிவியல் நோட்டில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். திண்மம், திரவம், வாயு என்று மூன்று கட்டம். பக்கத்தில் பத்துப் பொருள்களின் பெயர். ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வீட்டுப்பாடம். இரும்பு, பாதரசம், ஆக்சிஜன் என்று மளமளவென்று எழுதிக்கொண்டு போனவள் தண்ணீரிடம் வந்ததும் நின்றாள். “அப்பா, ஒரு துளித் தண்ணி திரவம்தானே?” ஆமாம் என்றேன். “அதைப் பாதியாக்கினா?” அதுவும் திரவம்தான். “பாதியாக்கிப் பாதியாக்கிக் கடைசியில ஒரே ஒரு மூலக்கூறு மட்டும் மிஞ்சினா, அது என்ன?” நான் யோசிக்கவே இல்லை. “அதுவும் திரவம்தாம்மா, தண்ணிதானே அது” என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டு, தண்ணீரை நடுக்கட்டத்தில் எழுதி, அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

படுத்த பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது. நான் சொன்னது தப்பு. அதுவும் சின்னத் தப்பு இல்லை. ஒரு துளியை அவள் சொன்ன மாதிரி பாதியாக்கிக்கொண்டே போனால் சுமார் எழுபதாவது முறையில் ஒற்றை மூலக்கூறு வந்துவிடும். இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அது பனிக்கட்டியிலிருந்து வந்ததா, ஆவியிலிருந்து வந்ததா, துளியிலிருந்து வந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றிலும் அதே மூலக்கூறுதான். திரவம் என்பது அந்த மூலக்கூறுக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படியென்றால் எங்கே இருக்கிறது? அவளுக்கு எப்படித் திருத்திச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கிடந்தபோது, இருபத்தைந்து வருடம் முந்தைய ஒரு மதியம் நினைவுக்கு வந்தது. இந்தக் கேள்விக்கான பதில் அன்றைக்கு என் கையில் இருந்தது. நான் அதை ரப்பர் வைத்து அழித்தேன்.

அழித்து எழுதிய எண்

பதினொன்றாம் வகுப்புச் செய்முறை. துணிக்கு நடுவே போட்டுவைக்கும் பூச்சி உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் உறைவதைப் பார்த்து வரைபடம் வரைய வேண்டும். சோதனைக்குழாயில் வெள்ளைத் தூள், நடுவில் வெப்பமானி, குழாய் சுடுநீருக்குள். கொஞ்ச நேரத்தில் தூள் உருகித் தெளிந்த நீர் மாதிரி ஆகிவிடும். வெப்பமானி தொண்ணூறைத் தாண்டியதும் குழாயை வெளியே எடுத்துத் தாங்கியில் மாட்டி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவு குறிக்க வேண்டும். அறை முழுக்க அந்த உருண்டை வாசனை. என் அளவுகள் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தன. 88, 86, 84, 82, 81, 80, 79. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடக்கிறது என்ற நிம்மதியோடு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை பார்த்தபோது 80. முதலில் என் கண்தான் தப்பு என்று நினைத்துக் குனிந்து பாதரசத்தின் மட்டத்துக்கு நேராகப் பார்த்தேன். 80-தான். வெப்பமானியின் குமிழைச் சுற்றிக் குழாய் மங்கியிருந்தது. கண்ணாடிச் சுவரிலிருந்து மெல்லிய தகடு தகடாக ஏதோ உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது, ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் அது மினுங்கியது. அரை நிமிடம் கழித்தும் 80. அதற்கடுத்தும் 80. குழாயைச் சூடாக்க அடியில் அடுப்பு கிடையாது, சுடுநீரும் இல்லை. சுற்றியிருக்கும் காற்றுக்குச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும் ஒரு குழாய் எப்படி ஒரு டிகிரி மேலே ஏறும்? ஏறியபின் எப்படி அங்கேயே நிற்கும்? வெப்பமானி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். வேறு கேட்டு வாங்கலாம் என்றால் உள்ளே எல்லாம் இறுகிப்போய் வெப்பமானி அசையக்கூட இல்லை. மணி அடிக்க நேரமாகிவிட்டது. நோட்டில் இருந்த 80, 80, 80-ஐ அழித்தேன். அந்த இடத்தில் 78, 77.5, 77, 76 என்று எழுதி, அழகான வளைகோடு ஒன்றை வரைந்தேன்.

சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். “எண்பதுல எவ்வளவு நேரம் நின்னுச்சு?” என்று கேட்டார். “நிக்கல சார்” என்றேன். கோட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பின்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கேட்டதிலேயே விஷயம் இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உள்ளுறை வெப்பம் என்ற பாடத்தை அதே வருடம் படித்துத் தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் பாடமும் அந்தக் குழாயும் ஒன்றுதான் என்று இணைத்துப் பார்க்கவே இல்லை. பாடம் வேறு, பொருள் வேறு என்று எத்தனை வருடம் இருந்திருக்கிறேன் என்பதுதான் இப்போது என்னைச் சங்கடப்படுத்துகிறது.

இரண்டு குடுவைகள்

பனிக்கட்டி உருகும் புள்ளிக்கு வந்துவிட்டால் அப்புறம் துளி வெப்பம் கொடுத்தாலே மொத்தமும் தண்ணீராகிவிடும் என்றுதான் பதினெட்டாம் நூற்றாண்டின் பாதி வரை அறிஞர்களே நம்பினார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஜோசப் பிளாக்குக்கு அது ஒட்டவில்லை. அவர் எடுத்த முதல் சான்று ஆய்வகத்துக்கு வெளியே இருந்தது. அந்த நம்பிக்கை உண்மையானால், குளிர்காலம் முடிந்து முதல் கதகதப்பு வந்த உடனே மலையில் கிடக்கும் பனி முழுக்க ஒரே நேரத்தில் உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. வெயில் ஏறிய பிறகும் பனி வாரக்கணக்கில் கிடந்து மெல்ல மெல்லக் கசிகிறது. எல்லோரும் பார்த்ததுதான். அதிலிருந்து பனிக்கட்டி வெப்பத்தை விழுங்குகிறது, ஆனால் சூடாவதில்லை என்று படித்தெடுத்தவர் அவர்.

1760-களின் தொடக்கத்தில் அதை அளந்தும் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் ஒரே எடைத் தண்ணீர். ஒன்றில் அதை உறைய வைத்தார். மற்றதில் உறைநிலைக்கு மிக அருகில், 33 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர்வித்தார். இரண்டையும் ஆளில்லாத பெரிய கூடம் ஒன்றில் தொங்கவிட்டார். தண்ணீர் இருந்த குடுவை அரை மணி நேரத்தில் 7 டிகிரி ஏறி 40-க்கு வந்துவிட்டது. பனிக்கட்டிக் குடுவை அதே 40-க்கு வரப் பத்தரை மணி நேரம் எடுத்தது, அதாவது இருபத்தொரு மடங்கு. அறை ஒன்று, காற்று ஒன்று, இரண்டுக்குள்ளும் வெப்பம் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போயிருக்கும். இருபத்தொன்றை ஏழால் பெருக்கினால் 147, அதில் உருகிய தண்ணீரை உறைநிலையான 32-லிருந்து 40 வரை சூடாக்கியதற்கான 8 டிகிரியைக் கழித்தால் 139. அத்தனை டிகிரிக்கான வெப்பம் உள்ளே போய், வெப்பமானியில் எந்தத் தடயமும் காட்டாமல் மறைந்துவிட்டது. இன்றைய கணக்கில் அது 143-க்கு அருகில் வருகிறது. ஒரு கூடம், இரண்டு குடுவை, ஒரு கடிகாரம், நிறையப் பொறுமை. இதை வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு நெருங்கியிருக்கிறார். மறைந்திருப்பதால் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் வந்தது.

இன்றைய அளவில் சொன்னால், 0 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியை அதே 0 டிகிரித் தண்ணீராக்க 334 ஜூல் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரி வரை சூடாக்க ஆகும் செலவு அது. 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி ஆவியாக்க இன்னும் மேலே, 2257 ஜூல். பூஜ்யத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவானதைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். இவ்வளவும் போகிறது, பாதரசம் மட்டும் இம்மியும் நகர்வதில்லை.

என் குழாயில் நடந்தது இதன் மறுபக்கம். நாஃப்தலீன் 80 டிகிரியில் உறைய ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் முதல் படிகம் தோன்ற ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும், அது கிடைக்கும்வரை திரவம் திரவமாகவே உருகுநிலைக்குக் கீழேயும் இறங்கும். அதுதான் நான் பார்த்த 79. எங்கோ ஒரு மூலையில் முதல் தகடு உருவானதும் மற்ற மூலக்கூறுகள் வரிசையாக வந்து ஒட்டத் தொடங்கின. ஒட்டும் ஒவ்வொன்றும் கொஞ்சம் வெப்பத்தை வெளியே விட்டது, கிராமுக்குச் சுமார் 150 ஜூல். அதனால் குழாய் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு 80-க்கு ஏறியது. காற்று எவ்வளவு எடுத்துக்கொண்டு போனதோ அவ்வளவையும் உறையும் பகுதி ஈடு செய்துகொண்டே இருந்தது. கடைசி மூலக்கூறும் வரிசையில் நிற்கும்வரை 80. குளிரில் கை சூடாக்க வைத்துக்கொள்ளும் சோடியம் அசிட்டேட் பைகளில் உள்ளே இருக்கும் தகட்டைச் சொடுக்கினதும் மொத்தமும் வெள்ளையாக இறுகிச் சூடாவதும் இதே வேலைதான். அங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இங்கே நான் பழுது என்று அழித்தேன்.

அந்த மூன்று கட்டப் படம்

வெப்பம் எங்கே போனது என்று கேட்டால்தான் மகளின் கேள்விக்கு வழி திறக்கிறது. வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் துள்ளலுக்கான கணக்கு. அவை எவ்வளவு வேகமாக அதிர்கின்றன, ஓடுகின்றன, முட்டுகின்றன என்பதைத்தான் வெப்பமானி காட்டுகிறது. உருகும்போது உள்ளே போகும் வெப்பம் துள்ளலைக் கூட்டுவதில்லை. அது மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் பிடிப்பைத் தளர்த்தச் செலவாகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு பக்கமும் நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கான கூடாக நிற்கிறது. உருகினால் அந்தக் கூடு குலைகிறது. ஆக மாறியது அவற்றுக்குள் இருந்த உறவு. திரவம் என்ற சொல் அந்த உறவுக்குத்தான் பெயர். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு அது கூட்டமா, ஊர்வலமா, அணிவகுப்பா என்று கேட்டால் என்ன சொல்வது? என் மகள் கேட்டதும் அதுதான். சரி, எத்தனை மூலக்கூறு சேர்ந்தால் திரவம் ஆகும் என்றால், அதற்கும் கோடு கிழித்தாற்போல ஓர் எண் கிடையாது. நீர் மூலக்கூறுகளைச் சிறு சிறு கொத்துகளாக்கிக் குளிர்வித்துப் பார்த்தவர்கள், சில நூறு மூலக்கூறுகள் சேர்ந்த பிறகுதான் பனிப்படிகத்தின் அடையாளம் தெரியத் தொடங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு நிஜமான வருத்தம் உண்டு. புத்தகங்களில் வரும் அந்த மூன்று பெட்டிப் படம். முதல் பெட்டியில் புள்ளிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், கடைசிப் பெட்டியில் நாலைந்து புள்ளிகள் சிதறியிருக்கும். நடுவில் இருக்கும் திரவப் பெட்டியில் புள்ளிகள் பாதி நெருக்கமாக, பாதி விலகி, இரண்டுக்கும் நடுவாந்தரமாக இருக்கும். நானும் அப்படித்தான் வரைந்து பழகினேன். அது பொய்ப்படம். திரவத்தில் மூலக்கூறுகள் திண்மத்தில் இருப்பதைப் போலவே ஏறக்குறைய ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் திரவத்தை அழுத்திச் சுருக்க முடிவதில்லை. தண்ணீரோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. பனிக்கட்டி உருகும்போது கொள்ளளவு குறைகிறது, மூலக்கூறுகள் முன்பைவிட நெருங்கிவிடுகின்றன. பனிக்கட்டி மிதப்பது அதனால்தான். அதே தண்ணீர் ஆவியானால் சுமார் 1600 மடங்கு பெருக்கிறது. வெப்பக் கணக்கும் இதையே சொல்கிறது. பனிக்கட்டியை முழுக்கப் பிரித்து ஆவியாக்க ஆகும் மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கு போல மட்டும்தான் உருகுவதற்குப் போகிறது. திரவம் நடுவாந்தரம் இல்லை, அது திண்மத்துக்குப் பக்கத்து வீடு. வாயு எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. அந்தப் படத்தில் நடுப் பெட்டியை மட்டும் யாராவது நெருக்கி வரைந்திருந்தால், எத்தனையோ குழந்தைகள் ஒரு தப்பான எண்ணத்தோடு வளராமல் இருந்திருப்பார்கள்.

தூய்மைக்குச் சாட்சி

நின்ற பாதரசத்துக்கு இன்னொரு பயன் இருக்கிறது. நிலையைப் பற்றிய பாடமும் வகைப்பாட்டுப் பாடமும் சந்திக்கும் இடம் அது. பள்ளியில் இவை தனித்தனி அத்தியாயங்கள். ஒன்றில் திண்மம், திரவம், வாயு. மற்றதில் தனிமம், சேர்மம், கலவை. முதலாவது பருப்பொருள் எப்படி இருக்கிறது என்பதற்கு, இரண்டாவது எதனால் ஆனது என்பதற்கு. ஒரு வெள்ளைத் தூளைக் கையில் கொடுத்து, இது ஒரே பொருளா, பல பொருள்களின் கலப்பா என்று கேட்டால் கண்ணால் சொல்ல முடியாது. அதை உருக்கிப் பார்க்க வேண்டும். தூய பொருள் என்றால் ஒரே வெப்பநிலையில் நின்று உருகும். கலப்பு இருந்தால் உருகுநிலை தாழ்ந்துபோகும், ஒரே இடத்தில் நிற்காமல் ஒரு வீச்சுக்குள் இழுத்துக்கொண்டே உருகும். வேதியியல் ஆய்வகங்களில் நுண்குழாயில் துளித் தூளை அடைத்து உருகுநிலை பார்ப்பது இதற்குத்தான். கையில் இருப்பது இன்ன பொருள்தானா என்ற சந்தேகம் இருந்தால், அந்தப் பொருளின் தூய மாதிரியையே அதோடு கலந்து உருக்குவார்கள். உருகுநிலை இறங்கவில்லை என்றால் இரண்டும் ஒன்று. ஒரு பொருளுக்கு அதே பொருள் மட்டும்தான் கலப்படம் ஆகாது என்ற எளிய தர்க்கம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

மெழுகுவர்த்தியில் இருக்கும் பாரஃபினை எடுத்து நான் செய்த அதே சோதனையைச் செய்தால் நாஃப்தலீன் காட்டிய தட்டையான கோடு வராது. நீளம் வேறு வேறாக இருக்கும் ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. கொஞ்சம் கொஞ்சமாக இளகும், கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். கண்ணாடியும் இளகும்தான், ஆனால் காரணம் வேறு. அதற்குள் குலைவதற்கு ஒழுங்கான படிக அமைப்பே கிடையாது. சில நேரம் கோடு ஏமாற்றவும் செய்யும். எத்தனாலும் தண்ணீரும் எடையில் 95.6-க்கு 4.4 என்ற விகிதத்தில் கலந்தால், அந்தக் கலவை ஒரே பொருள் மாதிரி 78.2 டிகிரியில் நிலையாகக் கொதிக்கும். எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் அதே விகிதத்தில்தான் வரும். ஆகவே நின்ற கோடு ஒரு சாட்சி. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

வகைப்பாட்டை உருவாக்கியவர்களுக்கு இந்த எச்சரிக்கை இருந்தது. 1789-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் தன் வேதியியல் நூலில் தனிமங்களின் பட்டியலை வெளியிட்டார். மொத்தம் 33. தனிமம் என்றால் நம்மால் இதற்கு மேல் பிரிக்க முடியாமல் நிற்கும் இடம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். இனிமேல் யாராலும் முடியாது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் சுண்ணாம்பும் மெக்னீசியாவும் தனிமங்களாக இருந்தன. அவை உலோக ஆக்சைடுகளாகத்தான் இருக்கும் என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. 1808-ல் இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் செலுத்தி அவற்றிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிரித்துக் காட்டினார். ஆனால் அந்தப் பட்டியலின் தலையில் இருந்த இரண்டைப் பார்த்தால்தான் எனக்குச் சிலிர்க்கிறது. ஒளி, வெப்பம். பிளாக்கின் குடுவைக்குள் மறைந்துபோன அந்த வெப்பத்தை ஒரு பொருள் என்றே நினைத்து, அதற்குக் கலோரிக் என்று பெயர் வைத்து, ஆக்சிஜனுக்கு மேலே தனிமமாக எழுதியிருந்தார். திண்மத்தோடு கலோரிக் சேர்ந்தால் திரவம், இன்னும் சேர்ந்தால் வாயு. வெப்பம் ஒரு பொருளே இல்லை, இயக்கத்தின் ஒரு வடிவம் என்று நிலைநாட்ட அப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. லவாய்சியருக்கே குழம்பிய இடத்தில் பதினாறு வயதுப் பையன் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் அளவுகளை அழிக்கவில்லை.

துப்பாக்கிக் குழலுக்குள் ஒரு கல்

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திரவம், வாயு என்று இரண்டு கட்டம் போடுகிறோமே, நடுவில் இருக்கும் கோடு எல்லா இடத்திலும் இல்லை. 1822-ல் பிரான்சில் கக்னியார் த லா தூர் என்பவர் துப்பாக்கிக் குழலில் செய்த கலன் ஒன்றுக்குள் கொஞ்சம் ஆல்கஹாலையும் ஒரு சிக்கிமுக்கிக்கல் உருண்டையையும் போட்டு இறுக்கி மூடினார். உள்ளே பார்க்க முடியாது. சூடாக்கிக்கொண்டே குழலை உருட்டிச் சத்தத்தைக் கேட்டார். உருண்டை திரவத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் சத்தம் மாறும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேலே போனதும் அந்த மாற்றம் கேட்கவே இல்லை. உள்ளே திரவ மட்டம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. பின்னால் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து இதை நுட்பமாக ஆராய்ந்து, 1869-ல் மாறுநிலைப் புள்ளி என்று பெயரிட்டார். கார்பன் டை ஆக்சைடுக்கு அந்தப் புள்ளி சுமார் 31 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. தண்ணீருக்கு 374 டிகிரி, வளிமண்டலத்தைப் போல 218 மடங்கு அழுத்தம். அதைத் தாண்டிவிட்டால் திரவமா வாயுவா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆகவே ஒரு பொருளின் பெயரை மட்டும் சொல்லி அதன் கட்டத்தைக் கேட்பது பாதிக் கேள்வி. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 0.01 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான 611 பாஸ்கலில், பனிக்கட்டி, தண்ணீர், ஆவி மூன்றும் ஒன்றாகவே இருக்கும். 2019 வரை வெப்பநிலையின் அலகான கெல்வினையே அந்த மும்மைப்புள்ளியை வைத்துத்தான் வரையறுத்திருந்தார்கள். உறைந்த கார்பன் டை ஆக்சைடு திரவமாகாமல் நேராக ஆவியாவது அதன் பிறவிக்குணம் இல்லை. ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் மேல் வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் அதுவும் திரவமாகும். அயோடின் உருகவே உருகாது, நேராக ஊதா ஆவிதான் என்று நான் படித்து, எழுதி, நம்பியும் இருந்தேன். அது 114 டிகிரி பக்கத்தில் ஒழுங்காக உருகும், 184-ல் கொதிக்கும். உருகுவதற்கு முன்பே நிறைய ஆவியாகிவிடுவதால் நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

பூஜ்யங்கள்

மறுநாள் சாயங்காலம் மகளிடம், “நேத்து நான் சொன்னது தப்பு. ஒரு மூலக்கூறு திரவம் இல்ல. திண்மமும் இல்ல, வாயுன்னும் சொல்ல முடியாது” என்றேன். “அப்ப எந்தக் கட்டத்துல எழுதறது?” என்று கேட்டாள். வா காட்டுகிறேன் என்று சொல்லி, பனிக்கட்டிகளை நொறுக்கி ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை நட்டுவைத்தேன். விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேன். கலக்காவிட்டால் அடர்த்தி அதிகமான 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய்த் தங்கி அளவைக் கெடுத்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவள் எழுத வேண்டும்.

0 என்று எழுதினாள். மறுபடி 0. நாலாவது பூஜ்யத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, இது ஓடலையோ?” எனக்குத் தொண்டை வரை பதில் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “என்ன தெரியுதோ அதை எழுது” என்று மட்டும் சொன்னேன். கலக்கினாள், எழுதினாள். குவளையின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து வழிந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டு, “சூடு உள்ள போய்க்கிட்டுதானே இருக்கு?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப எங்கதான் போகுது?” குவளைக்குள் உற்றுப் பார்த்தாள். கட்டிகளின் கூர்முனைகள் மழுங்கி, ஒன்றோடொன்று உரசும் சத்தமும் குறைந்திருந்தது. “இதுக்குத்தான் போகுதா? இதுங்களைப் பிரிக்கிறதுக்கு?” என்று அவளே கேட்டாள். பதினேழு பூஜ்யங்கள் எழுதியிருந்தாள். கடைசித் துண்டு குண்டூசித் தலை அளவுக்கு ஆகி, சுழன்று, காணாமல் போனது. அடுத்த அளவு 0.5. அதற்கடுத்தது 1.5. “ஏறுது, ஏறுது” என்று கத்தினாள்.

அப்புறம் நோட்டை எடுத்து அந்த அட்டவணையைத் திறந்தாள். நடுக்கட்டத்தில் இருந்த தண்ணீரை அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், பென்சிலால், ‘நிறைய மூலக்கூறு சேர்ந்து இருந்தால், 0-க்கும் 100-க்கும் நடுவில்’ என்று நெருக்கி எழுதினாள். அழுத்தத்தைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை, இன்னொரு நாள் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். இதுக்கு மிஸ் மார்க் போடுவாங்களா என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். ரப்பரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.